ஹைபிரிட் தென்னையின் நெற்றைப் போட்டால் பிள்ளை தாயைப் போல வருமா?

பொன்மனை விளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரத்துக்குப் பக்கத்தில் பொன்மனையில் எங்களுக்கு ஒரு விளை (தோப்பு) இருக்கிறது. மேட்டில் ரப்பர், கீழே வாய்க்கால் ஓரமாகத் தென்னை. ரப்பரில் ஒரு பகுதி வயதாகிப் பால் குறைந்துவிட்டதால் மரத்தை விற்றாயிற்று. அந்த இடத்தில் தென்னை வைக்கலாம் என்று வீட்டில் முடிவு. தென்னம்பிள்ளை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.

எங்களிடம் இரண்டு வகைத் தென்னை உண்டு. பாட்டா காலத்து நெட்டை, ஈத்தாமொழியில் சொந்தக்காரர் விளையிலிருந்து நெற்று (முற்றிய விதைத்தேங்காய்) கொண்டுவந்து போட்டது. மரத்துக்கு மரம் வித்தியாசம் இருக்கும், ஆனால் பருப்பு கனம். இன்னொன்று வீட்டுக்குப் பின்னால் அப்பா வைத்த சந்திரசங்கரா என்ற ஹைபிரிட். செவ்விளநீர் தாய், நெட்டை தகப்பன் என்று அப்பா சொல்வார். நெட்டைக்கு முன்னாலேயே பாளை விட்டது, இன்றைக்கும் ஒவ்வொரு வெட்டிலும் அதுதான் கூடுதல் காய் தருகிறது.

மச்சான் சொல்வது, “இப்படிக் காய்க்கிற மரம் வீட்டிலேயே நிற்கும்போது காசு கொடுத்து ஏன் பிள்ளை வாங்கணும்? அதன் நெற்றையே பாத்தியில் பாவிப் பிள்ளை எடு.” நர்சரியில் விசாரித்தால், ஹைபிரிட் நெற்றைப் போடக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதே வாயால், நெட்டை வேண்டுமென்றால் நல்ல தாய்மரம் பார்த்து நெற்று எடு என்றும் சொன்னார்கள்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. நல்ல மரத்தின் குணம் பிள்ளைக்கு இறங்கும் என்றால் இரண்டு வகையிலும் இறங்க வேண்டும். இறங்காது என்றால் நெட்டைக்கு மட்டும் தாய்மரம் தேடுவானேன்? ரப்பரை எடுத்துக்கொண்டால் நூற்றைந்து (ஆர்.ஆர்.ஐ.ஐ 105) என்ற ரகமும் ஒரு கலப்புதானே, அது மட்டும் எப்படி விளை முழுக்க ஒரே மாதிரி நிற்கிறது? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். “போடாதே” என்பது எனக்குத் தெரியும், “ஏன்” என்பதுதான் வேண்டும்.


தக்கலை நாற்று எழுதியது:

அண்ணாச்சி, எங்கள் பக்கத்தில் ஹைபிரிட் நெற்று போட்டவர்கள் விளையைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு மரம் சீக்கிரம் பாளை விடும், பக்கத்து மரம் நெட்டையாட்டம் வருஷக்கணக்கில் இலையை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும். ஒன்றில் காய் குண்டு, இன்னொன்றில் கைக்குள் அடங்கும். நிறமும் பச்சை, தவிட்டு நிறம், செம்மஞ்சள் என்று கலந்து கிடக்கும். தென்னை என்பது ஒரு தலைமுறைக்கான முதலீடு, அதில் இப்படிச் சீட்டுக் குலுக்க வேண்டாம். ஏன் என்று கேட்டால் விளக்கமாகச் சொல்ல ஈத்தாமொழி டீச்சர் இந்தப் பக்கம் வருவார்கள், பொறுங்கள்.


ஈத்தாமொழி டீச்சர் எழுதியது:

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். மெண்டலின் பட்டாணிக் கணக்கை எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். இந்த இடத்துக்கு வந்ததும் பாதிப்பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். விவசாயியின் கையில் காசாக வந்து நிற்பது இந்த இடம்தான் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

தென்னையில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. காய் எண்ணிக்கை ஒரே மரபணுவின் வேலை அல்ல, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் எடுப்போம். நல்ல வடிவத்தை ந என்றும் தாழ்ந்ததை த என்றும் வைத்துக்கொள். ஒரு பேச்சுக்கு, நந உள்ள மரம் நடு அளவைவிட 10 காய் கூடுதலாகத் தரும், தத உள்ளது 10 காய் குறைவாகத் தரும். அப்படியானால் நத என்ன தரும்?

சரியாக நடுவில் நின்றால், ஒவ்வொரு ந-வும் தன் பக்கத்தில் யார் இருந்தாலும் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். இதுதான் கூட்டு விளைவு. ஆனால் நத நடுவில் நிற்காமல் 8 காய் மேலே போய் நின்றால், அந்த 8 ந-வின் தனிச் சொத்தும் அல்ல, த-வின் சொத்தும் அல்ல. இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்து நின்றதால் பிறந்தது. இது ஓங்கு விளைவு.

இப்போது விதைக்கு வா. மரம் தன் பிள்ளைக்கு இரண்டு பிரதியையும் கொடுப்பதில்லை. ஏதோ ஒன்றைத்தான் கொடுக்கும். ஏர்மாட்டு ஜோடியில் ஒரு மாட்டை மட்டும் அவிழ்த்துக் கொடுத்துவிடுவது போல. அந்த மாட்டின் பலம் போகிற வீட்டுக்கும் போகும். ஆனால் இரண்டும் சேர்ந்து இழுத்த பொருத்தம் அங்கே போகாது. புதுவீட்டில் அதற்கு என்ன துணை கிடைக்கிறதோ அதைப் பொறுத்து மறுபடி அமைய வேண்டும். கூட்டு விளைவு பிள்ளைக்கு இறங்குகிறது. ஓங்கு விளைவு ஒவ்வொரு தலைமுறையிலும் கலைந்து புதிதாகக் கூடுகிறது, அல்லது கூடாமல் போகிறது.

உன் சந்திரசங்கராவைப் பார். செவ்விளநீர் குட்டையில் ஒரே பாளையின் ஆண் பூவும் பெண் பூவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தயாராகிவிடுவதால் அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்ததால் அதன் பிரதிகள் நந அல்லது தத என்று ஒரே ஜாதியாக இருக்கும். நெட்டையில் பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் கொட்டி முடிந்த பிறகுதான் பெண் பூ ஏற்கத் தயாராகும். ஆகவே அது அடுத்த மரத்தின் மகரந்தத்தில் காய்க்கும். இந்த இரண்டையும் சேர்க்கும்போது குட்டையில் த இருக்கிற இடத்தில் நெட்டையின் ந வந்து மூடும், நெட்டையில் த இருக்கிற இடத்தில் குட்டையின் ந மூடும். இடத்துக்கு இடம் நத ஜோடி. அதனால் வருகிற வேகத்தைத்தான் ஒட்டு வீரியம் என்கிறோம். தென்னையில் இதை முதலில் காட்டியவர் ஜே.எஸ். பட்டேல். நீலேஸ்வரம் ஆராய்ச்சி நிலையத்தில் 1932-ல் நெட்டையையும் பச்சைக் குட்டையையும் கலந்து, 1937-ல் அதன் வீரியத்தை வெளியிட்டார். நமக்கு வடக்கே, அதே மேற்குக் கரையில் நடந்தது.

அந்தக் கலப்பு மரத்தின் நெற்றை எடுத்துப் பாவினால் என்ன ஆகும்? நத மரம் தனக்குத்தானே காய்த்தால் பிள்ளைகளில் நாலில் ஒன்று நந, இரண்டு நத, ஒன்று தத. ஜோடியால் வந்த அந்த 8 சராசரியில் 4 ஆகிவிடும், பாதி போய்விட்டது. உன் விளையில் சுற்றி நிற்பது நெட்டை, மகரந்தம் அங்கிருந்துதான் அதிகம் வரும். அப்போதும் பாதி இடங்களில்தான் குட்டையும் நெட்டையும் ஜோடியாக நிற்கும். மீதியில் இரண்டு பிரதியும் நெட்டையுடையதே. சராசரி இறங்குவது ஒரு பக்கம். குட்டையின் சீக்கிரப் பூப்பும் நெட்டையின் உயரமும் தனித்தனியாகப் பிரிந்து விழுவதால் மரத்துக்கு மரம் தலைகீழாக இருக்கும். தக்கலைக்காரர் பார்த்தது இதைத்தான்.

பாட்டாவின் நெட்டைக் கதை வேறு. அந்த விளையில் எல்லா மரமும் ஒரே கூட்டம், மகரந்தம் தங்களுக்குள்ளேயே கலந்து கொண்டது. அதில் ஒரு மரம் வருஷா வருஷம் கூடுதலாகக் காய்த்தால், அந்தக் கூடுதலில் ஒரு பங்கு மண்ணாலும் உரத்தாலும் வந்தது, ஒரு பங்கு ஜோடிப் பொருத்தத்தால் வந்தது, மீதி நல்ல பிரதிகள் அதிகம் இருப்பதால் வந்தது. கடைசிப் பங்கு மட்டும் இறங்கும். விளையின் சராசரி 60 காய், நீ தேர்ந்த தாய்மரங்களின் சராசரி 110 காய், அப்படி இறங்கும் பங்கு 30 சதவீதம் என்று வைத்துப் பார். வித்தியாசம் 50, அதில் 30 சதவீதம் 15. தகப்பன் மரம் எது என்று தெரியாத காரணத்தால் அதில் பாதி, ஏழு எட்டுக் காய். குறைச்சலாகத் தெரியும். ஆனால் அது அடுத்த தலைமுறையிலும் கலையாமல் நிற்கும், அதன்மேல் மறுபடி தேர்ந்தெடுக்கலாம். ஈத்தாமொழி நெட்டைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறதென்றால், இப்படி நல்ல நெற்றைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட கைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறவள் நான்.

இந்தப் பிரிவினையை முதலில் கணக்காகப் போட்டுக் காட்டியவர் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் ஆர்.ஏ. ஃபிஷர், 1918-ல். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் உள்ள ஒற்றுமையில் கூட்டு விளைவுதான் தெரியும், ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பி ஒற்றுமையில் ஓங்கு விளைவும் கொஞ்சம் சேரும் என்று காட்டினார். அண்ணனுக்குக் கிடைத்த அதே ஜோடி தம்பிக்கும் கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது அல்லவா, அதனால்.

கடைசியாக ரப்பர். ஆர்.ஆர்.ஐ.ஐ 105 என்பது டிஜிர் 1, ஜி.எல் 1 என்ற இரண்டையும் கலந்து பிறந்த நாற்றுகளில் பொறுக்கியெடுத்த ஒரே ஒரு மரம். நீ நட்டது அதன் விதையை அல்ல, அதன் மொட்டை. வேறொரு நாற்றின் தண்டில் பட்டையைக் கீறி மொட்டை வைத்துக் கட்டும்போது ஜோடி பிரிவதே இல்லை. இரண்டு பிரதியும் அப்படியே வந்துவிடுகின்றன, கூட்டு விளைவும் ஓங்கு விளைவும் சேர்ந்து. அதே நூற்றைந்தின் கொட்டையை முளைக்கவைத்து வளர்த்தால் நூற்றைந்து வராது. அதனால்தான் கொட்டையில் முளைத்ததை அடிநாற்றாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மட்டி வாழையைக் கன்று வைத்தும் மரச்சீனியை (மரவள்ளியை) கம்பு ஊன்றியும் தலைமுறையாக மாறாமல் காக்க முடிவதும் இதனால்தான். தென்னைக்குப் பக்கக் கன்றும் இல்லை, கம்பும் இல்லை. நம்மைப் போன்ற விவசாயிக்கு விதை ஒன்றே வழி. அதுதான் நம் சங்கடம்.


கருங்கல் வடக்கே எழுதியது:

டீச்சர் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஹைபிரிட் நெற்று தானாக விழுந்து முளைத்து வளர்ந்த மரம் ஒன்று நிற்கிறது. தாய்மரத்தைவிட நன்றாகவே காய்க்கிறது. எங்கம்மா அதற்குத் தனியாக உப்பும் சாம்பலும் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். இதை எதில் சேர்ப்பது? அப்புறம், ஓங்கு குணம் பிள்ளைக்கு இறங்காது என்பது போல நீங்கள் எழுதியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓங்கு குணம்தானே முதலில் பிள்ளையில் தெரிவது?


ஈத்தாமொழி டீச்சர் எழுதியது:

இரண்டுமே நல்ல மறுப்பு. முதலாவது, சராசரி இறங்கும் என்றுதான் சொன்னேன், எல்லா மரமும் இறங்கும் என்று சொல்லவில்லை. பிரதிகள் கலைந்து விழும்போது சில பிள்ளைக்கு நல்லவையாகவே கூடிவிடும். உங்கள் வீட்டு மரம் அப்படி ஒன்றாக இருக்கலாம். அம்மா போட்ட சாம்பலுக்கும் பங்கு உண்டு. வீட்டு முற்றத்தில், கிணற்றடியில், தொழுவத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தென்னையைத் தாய்மரமாக எடுக்கக் கூடாது என்று ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வது இதற்காகத்தான். தொழுவத்துச் சாணமும் மூத்திரமும் தந்த காயை நெற்று சுமந்து போகாது.

காயின் எண்ணிக்கையில் வித்தியாசம் இருக்கிறது என்பதாலேயே அது பிள்ளைக்கு இறங்கும் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு நம் ஊரோடு ஒட்டிய சாட்சி உண்டு. தென்னையில் ஓலைகள் சுற்றி ஏறும் திசை சில மரத்தில் இடம், சிலவற்றில் வலம். அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை பார்த்த டி.ஏ. டேவிஸ் இதை மரம் மரமாக எண்ணினார். இடச்சுற்று மரங்கள் சராசரியில் கூடுதலாகக் காய்ப்பதைக் கண்டார். அப்படியானால் இடச்சுற்று மரத்தின் நெற்றாகப் பொறுக்கிப் போட்டால் போதும் என்று தோன்றும் அல்லவா? அவர் அதையும் பார்த்தார். தாயும் தகப்பனும் எந்தச் சுற்றாக இருந்தாலும் பிள்ளைகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அந்தக் குணம் இறங்குவதில்லை என்று 1962-ல் எழுதினார். பிற்காலத்தில் நாகர்கோவிலில் மரபியல் அறிஞர் ஹால்டேன் பெயரில் ஆய்வு மையம் நடத்தியவர் அவர். எங்கள் வகுப்புகளில் மேல்நாட்டுப் பட்டாணிக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசியாவது இதற்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்வி ஆழமானது. ஓங்கு மரபணு இறங்காது என்று இல்லை, பிரதி எப்போதும் இறங்கும். நடு அளவுக்கு மேலே நத ஏறி நிற்கிற அந்த உபரி ஜோடியைப் பொறுத்தது என்பதுதான் விஷயம். அதே கணக்கில் பாருங்கள். நந +10, நத +8, தத −10. ந அபூர்வமாக இருக்கிற விளையில் ஒரு மரம் தன் ந-வைப் பிள்ளைக்குக் கொடுத்தால், துணையாக வருவது அநேகமாக த. த-வைக் கொடுத்திருந்தால் தத ஆகி −10, ந-வைக் கொடுத்ததால் +8. லாபம் 18 காய். ந ஏற்கெனவே நிறைந்திருக்கும் விளையில் துணை அநேகமாக ந-வாகவே இருக்கும். த கொடுத்திருந்தால் +8, ந கொடுத்ததால் +10. லாபம் வெறும் 2. மரபணு அதேதான், மரமும் அதேதான். விளை மாறியதும் தாய்மரத்தின் மதிப்பு மாறிவிட்டது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நல்ல பிரதி ஓங்கியதாக இருந்து பரவலாகிவிட்ட பிறகு மீதியிருக்கும் த-க்கள் எல்லாம் நத ஜோடிக்குள் மறைந்து கிடக்கும். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலந்தால் இரண்டு த ஒன்று சேர்ந்து வெளியே வரும். ஆட்டுக்கிடாவை மாற்றாமல் அதன் மகளோடும் பேத்தியோடும் சேரவிட்டால் குட்டி மெலிந்து போவதற்கும் இதுதான் காரணம்.


பொன்மனை விளை எழுதியது:

டீச்சர், ஜோடி கணக்கு நன்றாகப் பிடிபட்டது, ரொம்ப நன்றி. மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே மாட்டைப் பற்றிக் கேட்கிறார். தொழுவத்தில் ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு. அதற்கு ஜெர்சிக் காளையின் சினை ஊசியே போடுவதா, கலப்புக் காளையின் ஊசி போடுவதா? தாய் நன்றாகக் கறக்கிறது, கிடாரியும் அதே போலக் கறக்குமா?


மார்த்தாண்டம் கறவை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், கால்நடைதான் என் வேலை. ஊர் ஊராகச் சினை ஊசி போட்டுத் திரிந்தவன்.

டீச்சர் தென்னைக்குச் சொன்னது மாட்டுக்கும் அப்படியே பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. இங்கே நாம் பார்ப்பது பாலை மட்டும் அல்ல. பால், சினை பிடிப்பது, வெக்கை தாங்குவது, கன்று பிழைப்பது எல்லாம் ஒவ்வொரு விதமாக இறங்குகின்றன.

கணக்குக்காக நாட்டு மாடு நேரத்துக்கு 2 லிட்டர், சுத்த ஜெர்சி 8 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு 5. முதல் கலப்பு 6.5 கறந்தால், அந்த 1.5 ஜோடியால் வந்த உபரி. கலப்புப் பசுவுக்குக் கலப்புக் காளை போட்டால் ரத்தம் பாதிக்குப் பாதி என்பது மாறாது, நடு 5 அப்படியே. ஆனால் உபரி பாதியாகி 0.75. கிடாரிகளின் சராசரி 5.75. ஜெர்சி ஊசி போட்டால் முக்கால் ஜெர்சி, கூட்டு விளைவால் 6.5, அதோடு பாதி உபரி 0.75, மொத்தம் 7.25. காகிதத்தில் இதுதான் லாபம். மச்சான் இங்கேயே நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

ஆனால் தொழுவத்துக்குள் போங்கள். முக்கால் ஜெர்சி சித்திரை வைகாசி வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கும், தீனியைக் குறைத்துவிடும். பருவத்துக்கு வந்ததே தெரியாமல் போகும். உண்ணியும் அதைத்தான் தேடும். பால் அளவில் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் பங்கு ஏறக்குறைய கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. பாலில் கொழுப்புச் சதவீதம் அதைவிட நன்றாக இறங்கும். சினை பிடிக்கும் குணமோ பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் கீழே. அப்படிக் குறைவாக இறங்கும் குணங்களில்தான் கலப்பினால் வரும் உபரி அதிகம் வேலை செய்கிறது. உபரியைப் பாதியாக்கும்போது அடி முதலில் விழுவது பால் செம்பில் அல்ல, வருஷத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கில்.

என் கருத்து, மேட்டு நிலம், காற்றோட்டம், பச்சைப்புல், நாள் முழுக்க வீட்டில் ஆள் என்று எல்லாம் இருந்தால் ஜெர்சி ஊசி போடலாம். மாட்டைக் கட்டிவிட்டு ரப்பர் பால் வெட்டப் போகிற வீடு என்றால் கலப்புக் காளையே போதும், குறைவாகக் கறந்தாலும் நின்று கறக்கும். எந்த ஊசி என்றாலும், அந்தக் காளையின் மகள்கள் பல தொழுவங்களில் எப்படிக் கறந்தார்கள் என்று பார்த்துத் தேர்ந்த காளையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல பசுக்களுக்குப் பிறந்த மகள்களின் சராசரி என்பதால் ஜோடிப் பொருத்தமெல்லாம் அதில் அடிபட்டுப் போய்விடும். காளை கொடுக்கக்கூடிய கூட்டு விளைவு மட்டும் மிஞ்சும். காளையின் தாய் ஒரே நாளில் இத்தனை லிட்டர் கறந்தது என்று சொல்வதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

தாயைப் போலவே கிடாரி கறக்குமா என்று கேட்டீர்கள். தாய் நல்லதென்றால் கிடாரி ஊர்ச் சராசரிக்கு மேலே இருக்க வாய்ப்பு உண்டு. தாயின் அளவுக்கே ஏறும் என்று எதிர்பார்த்துத் தீவனக் கடன் வாங்காதீர்கள்.


இரணியல் கோழிக்கூடு எழுதியது:

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் கோழியைக் கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பூடை (இறகு) இல்லாத நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சேவலும் பெட்டையும் இரண்டுமே கழுத்து மொட்டை. குஞ்சில் சிலது முழுக்கழுத்தும் பூடையோடு பொரிக்கிறது. சிலதுக்குக் கழுத்தின் முன்பக்கம், மார்புக்கு மேலே, ஒரு சின்னக் கொத்துப் பூடை மட்டும் நிற்கிறது. சேவலுக்கும் அந்தக் கொத்து உண்டு. முட்டை மாறிவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.


ஈத்தாமொழி டீச்சர் எழுதியது:

தம்பி, முட்டை மாறவில்லை. இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கண்ணால் பார்த்தே ஜோடியைச் சொல்லிவிடலாம். மொட்டைக் கழுத்துப் பிரதி இரண்டும் இருந்தால் கழுத்து கிட்டத்தட்ட முழு மொட்டை. ஒன்று மட்டும் இருந்தால் நீ சொன்ன அந்தக் கொத்து நிற்கும். உன் சேவலும் பெட்டையும் ஒற்றைப் பிரதிக்காரர்கள். ஆகவே குஞ்சில் நாலில் ஒன்று முழு மொட்டை, இரண்டு கொத்தோடு, ஒன்று முழுப் பூடை. அடுத்த அடை வைக்கும்போது குஞ்சு வளர்ந்ததும் எண்ணிப் பார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கழுத்து மொட்டையா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிரதியே போதும், ஓங்கு குணம் என்பார்கள். உடம்பு முழுக்க உள்ள பூடையின் எடையைப் பார்த்தால் ஒரு பிரதிக்குச் சுமார் 20 சதவீதம் குறையும், இரண்டுக்குச் சுமார் 40 சதவீதம் குறையும். ஒவ்வொரு பிரதியும் தன் பங்கைச் செய்கிறது, அது கூட்டு விளைவு. ஒரே மரபணு, நீ எதை அளக்கிறாய் என்பதைப் பொறுத்து இரண்டு முகமும் காட்டுகிறது. பூடை குறைந்தால் உடம்புச் சூடு எளிதாக வெளியேறும், நம் வெக்கைக்கு அந்தக் கோழி தாக்குப்பிடிப்பதும் அதனால்தான். எல்லாக் குஞ்சும் மொட்டையாகவே வேண்டுமென்றால் கொத்து இல்லாத சேவலைத் தேடி வை. பெட்டை எதுவானாலும் குஞ்சுக்கு ஒரு பிரதி நிச்சயம்.


பொன்மனை விளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஹைபிரிட் நெற்றைப் பாவப் போவதில்லை, அது தேங்காயாகவே போகட்டும். புது இடத்தில் பாதிக்கு நெட்டை. பாட்டாவின் மரங்களில் தொழுவத்துக்கு எட்டத்தில் நிற்பதாகப் பார்த்து, வெட்டுக்கு வெட்டு காய் எண்ணி எழுதிவைத்துத் தாய்மரம் தேர்ந்துகொள்கிறேன். மாட்டுக்குக் கலப்புக் காளை ஊசிதான், வீட்டில் பகலில் ஆள் இல்லை.

மீதிப் பாதிக்கு ஒரு யோசனை. அப்பா வைத்த செவ்விளநீர் மரங்கள் கிணற்றடியில் இரண்டு நிற்கின்றன. ஜோடியை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத்தான் கூட்ட வேண்டும் என்றால், அதை நாமே கூட்ட முடியாதா டீச்சர்?


ஈத்தாமொழி டீச்சர் எழுதியது:

முடியும் தம்பி, பொறுமை மட்டும் வேண்டும். மரம் ஏறத் தெரிந்த, கை நடுங்காத ஆள் ஒருவர் வேண்டும். செவ்விளநீரில் பாளை வெடித்ததும், ஆண் பூ விரிவதற்கு முன்பே, கதிர்களில் பெண் குரும்பைக்கு மேலே உள்ள ஆண் பூக்களை ஒன்றுகூட விடாமல் உருவி எடுத்துவிட வேண்டும். ஒரு பூ தங்கினாலும் அது தன் மகரந்தத்தைத் தூவிவிடும். பிறகு பாளையைப் பை போட்டு மூடு. பெண் பூ பளபளவென்று தேன் கசியும் நாட்களில், நீ தேர்ந்த நெட்டையிலிருந்து எடுத்து உலர்த்திய மகரந்தத்தை நாள்தோறும் தூவு. ஒரே நெட்டையை நம்பாமல் இரண்டு மூன்று நல்ல மரத்தின் மகரந்தத்தைக் கலந்துகொள். பெண் பூக்கள் கறுத்து முடிந்ததும் பையை எடுத்துவிடலாம். நெற்றாக முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், குலையில் அடையாளம் கட்டிவை.

கிணற்றடி மரம் என்பதால் கவலைப்படாதே. குட்டையில் எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே பிரதிதான். தேர்வு முழுவதும் தகப்பன் மரத்தில் இருக்கட்டும். நெட்டையின் பிரதிகள் கலந்து கிடப்பதால் இந்தப் பிள்ளைகளும் ரப்பர் ஒட்டு போல அச்சாக ஒன்றாக இருக்காது, அதையும் இப்போதே தெரிந்துகொள்.

பாத்தியில் முளை வந்ததும் மட்டையின் காம்பைப் பார். செம்மஞ்சளாக இருந்தால் உருவாமல் விட்ட பூ வேலை செய்துவிட்டது என்று அர்த்தம், அது சுத்தச் செவ்விளநீர், இளநீருக்காக வீட்டோரம் வை. தவிட்டு நிறமாகவோ பச்சை கலந்தோ இருந்தால் அதுதான் உன் கலப்பு. அவற்றில் முந்தி முளைத்து, 9 முதல் 12 மாதத்துக்குள் கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டரும் ஆறு இலையும் கண்டதை மட்டும் மேட்டுக்கு எடுத்துப் போ. மீதியைக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்தால், இது கலப்பு, இதன் நெற்றைப் பாவ வேண்டாம் என்று சொல்லியே கொடு.